புகை திரும்பும் வீடு

முதலிபாளையம்
18-12-2024

அன்புக் கண்ணு வர்ஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருக்கும் பொடிசும் லூதியானாக் குளிரில் நடுங்காமல் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று நீ போனில் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு முனவர் பேகத்துக்குக் கேட்டுவிட்டது. "அண்ணா, சாப்புட்டீங்களான்னு வர்ஷினி கேக்குதுங்க" என்று என் முகத்துக்கு நேரே வந்து சொல்லிவிட்டுப் போனது அந்தப் பிள்ளை. சாயப்பட்டறையில் பாய்லர் பக்கத்தில் முப்பத்தொரு வருஷம் நின்ற காது, வேறு எப்படி இருக்கும்? செல்போனில் தட்டுவதும் எனக்கு வராது. இனிமேல் கடிதமே எழுது. தமிழ் மறக்காமலாவது இருக்கும்.

மார்கழி பிறந்ததும் பின்பக்கக் குளியலறை வெந்நீர் அடுப்பை மறுபடி பற்றவைத்துவிட்டேன். உன் அம்மா போனதிலிருந்து அதைத் தொடவே இல்லை. அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து சேர்த்து வைத்த பனியன் வேஸ்ட் துணி இன்னும் ஏழு மூட்டை கிடக்கிறது. விறகுக்கு நடுவில் அதைத் திணித்துப் பற்றவைத்தால் அண்டா தண்ணீர் அரை மணியில் காய்ந்துவிடுகிறது.

இனி சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதே. இரண்டாம் நாள் விடியற்காலை, அடுப்புக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க, தண்ணி காஞ்சிருச்சுங்க, எந்திரிங்க" என்று உன் அம்மா தெய்வாத்தாளின் குரல். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. உன் குரல் கேட்காத காது கண்ணு இது. அதில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

இன்று ஆளையே பார்த்தேன். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் ஈரத்தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமே வரவில்லை. எழுந்து வெளியே வந்த பிறகுதான் கால் தள்ளாடியது.

26ஆம் தேதி அம்மாவுக்கு முதல் திதி. எப்படியாவது வரப் பார்.

உன் அப்பன்
லிங்கசாமி

~

லூதியானா
27-12-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வர்ஷினியின் வணக்கம். நேற்றுத் திதிக்கு வரமுடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஸ்வெட்டர் சீசன். இவருக்கு ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் தனியாக ரயிலேறவும் விடமாட்டேன் என்கிறார். இங்கேயே ஒரு வாழை இலை தேடிப் பிடித்துப் படையல் போட்டேன். அந்த இலைக்காகக் கடைவீதி முழுக்க அலைந்தார் உங்கள் மாப்பிள்ளை.

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்துவிட்டேன். சிரிக்கவில்லை அப்பா. அழுதேன். அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? கேட்டால், தாலாட்டு இரண்டு வரிக்கு மேல் எனக்கு வரவில்லை என்று சொல்லுங்கள். மீதியை அவளிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.

இருந்தாலும் மனதுக்கு என்னவோ போலிருக்கிறது. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். கால் ஏன் தள்ளாட வேண்டும்? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? ராத்திரி வெறும் மோர்ச் சோற்றோடு படுத்துவிடுகிறீர்கள் என்று முனவர் அக்கா சொல்கிறார்.

இன்னொரு சேதி. மாமியார் போன் செய்தார். "உங்கம்மாவும் இல்ல, நீ பிரசவத்துக்கு அருள்புரத்துக்கே வந்துரு கண்ணு" என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தலைப்பிரசவம் என் ஊட்டில்தான், எங்கப்பா பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டேன். குழந்தையைக் குளிப்பாட்ட முனவர் அக்கா வருகிறாராம். வெந்நீர் போடுவது மட்டும் உங்கள் வேலை.

உங்கள் அன்பு மகள்
வர்ஷினி

~

முதலிபாளையம்
4-1-2025

அன்புக் கண்ணு வர்ஷினிக்கு,

கடிதம் கிடைத்தது. அருள்புரத்துக்கு மாட்டேன் என்று சொன்னதைப் படித்ததும் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். கட்டிலுக்குப் புதுக் கயிறு போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் திதிக்கு நீ வராதது எனக்கு வருத்தம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்ற பிள்ளை இல்லாமல், என் தங்கை மகன் எள்ளும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தான். உன் அம்மாவிடமும் சொல்லிப் புலம்பினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தினமும் வருகிறாள். எனக்கு இப்போது முறையே தெரிந்துவிட்டது. நான் போய் உட்கார்ந்ததும் வர மாட்டாள். அடுப்பில் வேஸ்ட் எரிந்து, தணல் சிவந்து, புகை அடங்கிய பிறகு வருவாள். கதவைத் திறந்து வைத்தால் வருவதில்லை. அதனால் சாத்திக்கொள்கிறேன். முதலில் காது 'ங்' என்று ஒலிக்கும், பிறகு அந்த ஒலியும் நின்றுவிடும். அதன்பின் கொலுசுச் சத்தம்.

ஒரே ஒரு பிடிவாதம் அவளுக்கு. "சன்னலத் தெறங்க, சன்னலத் தெறங்க" என்கிறாள். அது சாக்கடைப் பக்கத்து ஜன்னல். திறந்தால் கொசுவும் நாற்றமும் உள்ளே வரும். நான் தாழ்ப்பாள் போட்டுத்தான் உட்காருகிறேன். வெளியே வரும்போது பார்த்தால் விரியத் திறந்து கிடக்கிறது. முந்தாநாள் தாழ்ப்பாளைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கம்பி முறுக்கு அவிழ்ந்து தரையில் கிடந்தது. நான் எழுந்து போய் அவிழ்த்த நினைவு எனக்கு இல்லை.

காலையில் தலைவலி மண்டையைப் பிளக்கிறது. உன் அம்மாவுக்கும் கடைசி இரண்டு மாதம் இதே தலைவலி இருந்ததல்லவா? கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று கூட்டிக்கொண்டு போனோமே. அடுப்புக்கு மேல் புகைபோக்கிச் சுவரிலும் ஒரு விரிசல். அதிலிருந்து தேன் நிறத்தில் பிசின் கசிகிறது. துடைத்தால் மறுநாள் அதே இடத்தில் நிற்கிறது. வயதான வீடு, அதற்கும் ஏதோ வியாதி.

தாலாட்டைக் கேட்டேன். "புள்ள வரட்டும், நானே பாடிக்கறேன்" என்றாள்.

உன் அப்பன்
லிங்கசாமி

~

லூதியானா
9-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. படித்த கையோடு முனவர் அக்காவுக்குப் போன் செய்து, உடனே போய் அந்த அடுப்புத் தணலில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இந்நேரம் ஊற்றியிருப்பார். அவரைத் திட்டாதீர்கள். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

போன வாரம் எங்கள் அடுத்த தெருவில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். கோரக்பூரிலிருந்து வந்த தையல்காரர்கள். அண்ணன் தம்பி. குளிருக்கு இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்திருக்கிறார்கள். அதை இங்கே அங்கீட்டி என்கிறார்கள். காலையில் கதவை உடைத்துப் பார்த்தபோது இருவரும் தூங்குவதுபோல்தான் கிடந்தார்களாம். முந்தைய நாள் பெரியவன் வேலைக்கு வந்தபோது, ராத்திரி எங்கம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லிச் சிரித்தானாம். இவர் வந்து அதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்று உங்கள் கடிதத்தில், கதவைத் திறந்து வைத்தால் அம்மா வருவதில்லை என்ற வரியைப் படித்ததும் அவன் சிரித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது.

அப்பா, அது அம்மா இல்லை. அது புகை. அந்தப் புகைபோக்கி அடைத்திருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சிம்னி வாயில் வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே பாய்லருக்குள் காற்று போதுமா போதாதா என்று சொல்கிறவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

ஆள் வைத்து அதைத் திறந்து, அடைப்பை எடுத்து, விரிசலைப் பூசி, சரியாக இழுக்கிறது என்று நீங்களே பார்த்து எனக்கு எழுத வேண்டும். அதுவரை நான் அந்த ஊட்டுக்கு வரமாட்டேன். பிறந்த குழந்தையை அந்த அறையில் விடமாட்டேன். அருள்புரத்துக்குப் போய்விடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வர்ஷினி

~

முதலிபாளையம்
17-1-2025

கண்ணு வர்ஷினிக்கு,

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி போகியன்று காலையிலேயே வந்தது. முனவர் அதற்கு முன்பே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தது. அணைத்ததோடு விடாமல் என் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

படித்ததும் ஆத்திரம் வந்தது. நேற்றுப் பிறந்தவள் எனக்குப் பாய்லர் பாடம் எடுக்கிறாள் என்று திட்டிக்கொண்டே இருந்தேன். ஆத்திரம் அடங்கியதும் வெட்கம் வந்தது. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியும். மூன்றாம் நாளே தெரியும். தணலின் நிறத்தையும் என் தலைவலியையும் வைத்தே புகைபோக்கியில் இழுப்பு இல்லை என்று கண்டுகொண்டேன். தெரிந்துதான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வருஷம் கழித்து அவளைப் பார்க்கிறேன். எப்படி எழுந்து வரச் சொல்கிறாய்?

சாக நினைக்கவில்லை கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்றுதான்.

கொத்தனார் நாச்சிமுத்து அன்றே பத்து மணிக்கு வருவதாகச் சொன்னான். அதற்கு முன்னால் புதுத் தீப்பெட்டி வாங்கி ஒரே ஒரு தடவை பற்றவைத்தேன். வந்தாள். உட்காரவில்லை. அடுப்புக்கு நேரே நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. முதல் தடவையாக அவள் குரலும் எனக்குக் கேட்காமல் போனது.

நாச்சிமுத்து மொட்டை மாடியில் கூரை மட்டத்துக்கு மேல் நான்கு செங்கலைப் பெயர்த்துக் கையை விட்டான். உள்ளே ஒரு யூரியாச் சாக்கு. நிறையப் பனியன் வேஸ்ட் அடைத்து, வாயை இலாஸ்டிக் நாடாவால் கட்டியிருந்தது. மேல் வாயில் திணித்திருக்கிறார்கள். அது நழுவிக் குறுக்கே சிக்கிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் கை நுழையும் அளவுக்குத்தான் சந்து. அந்தச் சந்தையும் கரி மூடிவிட்டது. வேஸ்ட்டும் முன்போல் வெறும் பருத்தி இல்லை. லைக்ராவும் பாலியெஸ்டரும் கலந்தது. எரியும்போது உருகிச் சுவரெல்லாம் தாராகப் படிந்திருக்கிறது. சுவரில் கசிந்த பிசின் அதுதான்.

நாச்சிமுத்து கீழே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தான். "ஏனுங்ணா, இந்தச் சன்னல் மட்டும் தெறந்து கெடக்கலைன்னா, போன வாரமே உங்களத் தூக்கியிருப்பமுங்க" என்றான்.

மூன்று நாள் வேலை. பட்டறை சிம்னிக்குச் செய்வதுபோல் சங்கிலியில் பழைய கோணியைச் சுற்றி மேலிருந்து இறக்கி ஆட்டினோம். நான்கு வாளிக் கரி விழுந்தது. உட்புறம் பொரிந்த பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் கலவை பூசினான். வெறும் சிமெண்டு வேண்டாம், சூட்டில் மறுபடி வெடிக்கும் என்று நான்தான் சொன்னேன். கூரையும் புகைபோக்கியும் சேருகிற இடத்து விரிசலையும் அடைத்தாயிற்று. மழை உள்ளே விழாமல் இருக்க மேலே தகர மூடி வைத்திருக்கிறது. நான்கு கால்களில் ஒரு சாண் உயரம் தூக்கி நிற்கிறது, புகைக்கு வழி உண்டு. பறவை நுழையாமல் வலையும் கட்டியாயிற்று. இனி வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் கரி எடுக்க வேண்டும். வேஸ்ட் மூட்டைகளைப் வேஸ்ட் வியாபாரிக்குப் போட்டுவிட்டேன். இனி காய்ந்த விறகு மட்டும்தான்.

நேற்றுப் பற்றவைத்துப் பார்த்தேன். தாள் கொளுத்திக் காட்டினால் அப்படியே மேலே இழுக்கிறது. தலைவலி இல்லை. ஜன்னல் போட்ட தாழ்ப்பாளோடு இருக்கிறது. அவள் வரவில்லை. முக்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். ஆனால் ஒன்று கண்ணு. போன மார்கழியில் உன் அம்மா அதே அடுப்புக்கு முன்னால் சாய்ந்து கிடந்தாள். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எது நிறுத்தியது என்று இப்போது தெரிந்துவிட்டது. கேபிள் இழுக்க வந்தவனோ வெள்ளையடிக்க வந்தவனோ, அந்தச் சாக்கை அங்கே திணித்தவன் எவனாக இருந்தாலும் சாகும்வரை நான் மன்னிக்க மாட்டேன்.

லிங்கசாமி

~

லூதியானா
24-1-2025

அப்பாவுக்கு,

அந்தச் சாக்கைத் திணித்தது நான்.

இரண்டு நாளாக இந்த ஒரு வரியை எழுதி எழுதிக் கிழித்தேன். என் தலைதீபாவளிக்கு முந்தைய நாள் சாயங்காலம் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். புகைபோக்கி வழியாகத் தண்ணீர் ஒழுகி அடுப்பு நனைந்துகொண்டிருந்தது. "மாப்பிள்ளைக்கு எண்ணெ தேச்சு ஊத்தறதுக்கு வெந்நீ காயலைன்னா மானம் போயிருமே" என்று அம்மா தவித்தாள். நான் யாரிடமும் சொல்லாமல் மாடிக்குப் போய், கைக்குக் கிடைத்த சாக்கில் வேஸ்ட்டை அடைத்து, இலாஸ்டிக்கால் கட்டி, வாயில் அழுத்தி வைத்தேன். அடுப்பு நனையாமல் இருக்கட்டும், விடியற்காலை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

விடியும்போது பட்டாசுச் சத்தம்தான் என்னை எழுப்பியது. அதற்குள் அம்மா அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். அறையெல்லாம் புகை. விறகு ஈரம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பலகாரம், மதியம் அருள்புரத்துக்குக் கிளம்பும் அவசரம். சாக்கு என் நினைவிலிருந்தே போய்விட்டது. அம்மா இறந்தபோதுகூட நினைவுக்கு வரவில்லை. உங்கள் கடிதத்தில் இலாஸ்டிக் நாடா என்று படிக்கிறவரை வரவில்லை.

எட்டு வாரம் தினமும் அம்மா அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள்.

நான் அங்கே வரமாட்டேன் அப்பா. எந்த முகத்தோடு வந்து அந்த அறையில் என் குழந்தையைக் குளிப்பாட்டுவேன்? அருள்புரத்துக்கு வருவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டேன். இவரிடம் காரணம் சொல்லவில்லை. நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

வர்ஷினி

~

முதலிபாளையம்
31-1-2025

என் கண்ணு வர்ஷினிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். என் பேச்சை நீ எத்தனை தரம் கேட்டிருக்கிறாய், உன் பேச்சை நான் கேட்க?

பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். உன் கல்யாணப் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மூன்றாம் நாள் முனவர் வந்து பார்த்துவிட்டு, நேராக வைத்துவிட்டுப் போனது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தீபாவளி முடிந்த வாரம் உன் அம்மா என்னிடம், "பொகை உள்ளயே திரும்புதுங்க, ஒருக்கா மேல ஏறிப் பாருங்க" என்றாள். கார்த்திகை தீபத்தன்று மறுபடி சொன்னாள். மார்கழி பிறந்தபோதும் சொன்னாள். "நூறடிச் சிம்னியக் கட்டி மேய்க்கிறவன்கிட்ட உன்ற ஒம்பதடிக் கூண்டப் பத்திப் பேசறியா, ஞாயித்துக்கெழம பாக்கறன் போ" என்றேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிற்று! பட்டறைச் சிம்னிக்கு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். வீட்டுப் புகைபோக்கியை ஏறிப் பார்க்க எனக்குப் பன்னிரண்டு படி தூரமாக இருந்தது. நீ மறந்துபோய்ச் செய்தாய். நான் கேட்டும் செய்யவில்லை. மன்னிக்க மாட்டேன் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஏழாம் மாதம் பெண் வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்து வரவேண்டும். செய்ய வேண்டியவள் இல்லை. அதனால் நான் வருகிறேன். முனவர் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. புளிச்சோறு மூன்று நாள் தாங்கும். எட்டாம் தேதி ரயிலேறுகிறேன். டெல்லியில் வண்டி மாற வேண்டும். அறிவிப்பு எதுவும் எனக்குக் கேட்காது. மாப்பிள்ளையை டெல்லி பிளாட்பாரத்துக்கே வந்து நிற்கச் சொல். அருள்புரத்துச் சம்பந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. கடைசி நாள் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் பாய்லர் ரூமில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. முப்பத்தொரு வருஷமும் உதட்டைப் பார்த்துத்தான் பேசினோம். அவள் சொன்னதை அன்றே படித்துவிட்டேன். திதிக்கு நீ வராததைச் சொல்லி நான் புலம்பினேனே, அதற்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் எழுதவில்லை.

அன்று காலை சாக்கு இருப்பது எனக்கும் தெரியாது, உனக்கும் நினைவில்லை. நாச்சிமுத்து இன்னும் வரவில்லை. அவள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க" என்றாள்.

உன் அப்பன்
லிங்கசாமி